இருபத்தெட்டு அடிக்குள் ஒரு வழக்கு

கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவருக்கும் பயிற்சியாளருக்கும் இடையே எழும் வாக்குவாதங்கள் பார்வையாளர் வரிசையில் இருப்போருக்கு ஒரே கூச்சலாகக் கேட்டாலும், அவற்றுள் இயல்பால் வேறான இரண்டு வழக்குகள் கலந்துகிடக்கின்றன. ஒன்று நிகழ்ச்சியைப் பற்றியது: கை பட்டதா, கால் கோட்டை மிதித்ததா, பந்து கையைவிட்டு நீங்குமுன் பஸர் ஒலித்துவிட்டதா என்பவை இவ்வகையின. மற்றொன்று விதியைப் பற்றியது: நடந்தது இன்னது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள், நடந்ததற்கு விதி என்ன சொல்கிறது என்பதில்தான் பிரிகிறார்கள். முன்னதில் நடுவர் கண்டதே முடிவு. அதை மறுக்கும் பயிற்சியாளர் தம் கண்ணை நடுவரின் கண்ணுக்கு எதிராக நிறுத்துகிறாரே தவிர வேறு சான்று எதையும் காட்ட அவரிடம் இல்லை. பின்னதிலோ அச்சிட்ட நூல் ஒன்று இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. அதற்குப் பயிற்சியாளர் எவ்வளவு கட்டுப்பட்டவரோ அவ்வளவு நடுவரும் கட்டுப்பட்டவர். ஆகவே நடுவரின் தொழில்திறம் சோதனைக்கு உள்ளாகும் இடம் முதல் வழக்கு என்றால், அவருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது சோதிக்கப்படும் இடம் இரண்டாம் வழக்காகும்.

ஆட்டம் தோன்றிய காலத்தில் இந்த வழக்காடலுக்கு ஆளே இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளில் இரண்டு அதிகாரிகள் இடம்பெற்றார்கள். அம்பயர் என்பவர் ஆட்களைக் கவனித்து ஃபவுல்களை, அதாவது ஆள்மீது இழைக்கப்படும் தவறுகளைக் குறித்துக்கொள்பவர். ரெஃப்ரி என்பவர் பந்தைக் கவனித்து அது எப்போது ஆட்டத்தில் இருக்கிறது, எந்த அணிக்கு உரியது என்று தீர்ப்பவர். பயிற்சியாளர் என்ற சொல் அந்த 13 விதிகளில் ஓரிடத்திலும் இல்லை. பிற்காலத்தில் அணிகளுக்குப் பயிற்சியாளர்கள் அமைந்த பிறகும் ஆட்டம் ஆடுவோருடையது என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டைம் அவுட் எனப்படும் இடைநிறுத்தத்தின்போது பயிற்சியாளர் தம் ஆட்டக்காரர்களோடு பேசலாம் என்ற அனுமதியே 1948–49 பருவத்தில்தான் வந்தது. சொந்த அணியோடு பேசுவதற்கே இவ்வளவு தாமதமாக உரிமை பெற்ற ஒரு குரல் நடுவரோடு பேசும் உரிமையை எந்த அளவில் பெற்றது என்பதை விதிநூல்கள் ஏறக்குறைய அடிக்கணக்கில் அளந்து வைத்திருக்கின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதிகளில், தலைமைப் பயிற்சியாளர் எழுந்து நின்று தம் அணியை நடத்துவதற்கென்று பக்கக் கோட்டுக்கு வெளியே வரையப்படும் கட்டம் 2017–18 பருவத்துக்கு முன் 14 அடி நீளமுடையதாக இருந்து, அப்பருவத்தில் 28 அடியாக விரிந்தது. 84 அடி நீளமுள்ள பள்ளிக்கூட ஆடுகளத்தில் இது மூன்றில் ஒரு பங்கு. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகள் இடத்தோடு காலத்தையும் வரையறுக்கின்றன: பந்து ஆட்டத்தில் இல்லாதபோது, கடிகாரம் நின்றிருக்கும்போது, மரியாதையோடு பயிற்சியாளர் நடுவரிடம் பேசலாம்.

இந்தக் கட்டத்திலிருந்து எழும் குரல்கள் பெரும்பாலும் விதியின் பெயரால் எழுகின்றன. ஆனால் அவற்றில் பல விதிநூலில் இல்லாத விதிகள். மிகப் பரவலானது, ‘அவன் அசைந்துகொண்டிருந்தான்’ என்பது. பந்தோடு கூடையை நோக்கிப் பாயும் ஆட்டக்காரர் தடுப்பவர்மீது மோதும்போது ஃபவுல் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. தடுப்பவர் சிலைபோல் நின்றிருந்தால்தான் மோதியவர் குற்றவாளி என்று பயிற்சியாளர்கள், பெற்றோர்கள், சில வேளைகளில் ஒலிபரப்பில் பேசுவோர்கூட நம்புகிறார்கள். விதி அவ்வாறு கூறவில்லை. தடுப்பவர் முதலில் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, மார்பு எதிராளியை நோக்கியிருக்குமாறு ஒரு நிலையைப் பெற வேண்டும். பெற்றுவிட்ட பிறகு அந்த நிலையைக் காத்துக்கொள்ள அவர் பக்கவாட்டிலோ சாய்வாகப் பின்னோக்கியோ நகரலாம், ஒரு காலோ இரு கால்களுமோ தரையைவிட்டு எழலாம், அடியைத் தாங்கிக்கொள்ளத் திரும்பலாம், குனியலாம். மோதலின் கணத்தில் எதிராளியை நோக்கி முன்னேறிக்கொண்டிருக்கக் கூடாது, எதிராளி ஏற்கெனவே தாவி எழுந்துவிட்டிருந்தால் அதற்குப் பிறகு குறுக்கே வந்து நிலைபெறக் கூடாது. விதி கேட்கும் கேள்வி இடத்தை யார் முதலில் முறையாகப் பெற்றார் என்பதே. இதைப்போல ‘முதுகுக்கு மேலே’ என்ற கூக்குரலுக்கும் நூலில் ஆதாரமில்லை; உயரமான ஆட்டக்காரர் ஒருவர் தமக்கு முன் நிற்பவரைத் தீண்டாமல் அவர் தலைக்கு மேலாகக் கை நீட்டிப் பந்தைப் பற்றினால் அது உயரத்தின் பயனே ஒழியத் தவறன்று; தள்ளியிருந்தால் அது தள்ளுதல் என்ற பெயரிலேயே தண்டிக்கப்படும்.

இத்தகைய தவறான நம்பிக்கைகளுக்குப் பயிற்சியாளர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. ஃபவுலைப் பதிவு மேசைக்கு அறிவிக்கும் நடுவரே அவசரத்தில் ‘முதுகுக்கு மேலே’ என்று சொல்லிவிடும்போது, இல்லாத விதிக்கு அவர் வாயாலேயே ஒப்புதல் கிடைத்துவிடுகிறது; அடுத்த வாரம் வேறொரு நடுவரிடம் பயிற்சியாளர் அதே சொல்லைக் கொண்டு வழக்காடினால் அந்தச் சொல்லை அவருக்குக் கற்பித்தவர் நடுவர் கூட்டத்தைச் சேர்ந்தவரே. மேலும் பயிற்சியாளரும் நடுவரும் ஒரே நூலை வெவ்வேறு தேவைகளுக்காகப் படிப்பவர்கள். பயிற்சியாளருக்கு விதி என்பது ஒரு வேலி. தம் ஆட்டக்காரர் அந்த வேலியின் எவ்வளவு அருகே போகலாம் என்பதையே அவர் பார்க்கிறார். நடுவருக்கோ விதி என்பது ஒரு நிறைகோல். ஒரு தட்டில் வைத்ததை மறுதட்டில் வைத்துப் பார்க்காமல் அவரால் படிக்க முடியாது. ஒருவர் படிப்பு மற்றவர் படிப்பைவிடத் தாழ்ந்ததன்று. நிறைகோல் பிடித்தவர் வேலியோரத்தை அறியாதவராகவும், வேலியோரத்தை அறிந்தவர் நிறைகோலைக் காணாதவராகவும் இருக்கக்கூடும் என்பதால், பயிற்சியாளர் சொல்வது சரியாக இருப்பதற்கும் எப்போதும் வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பை மனத்தில் வைத்துக் கேட்பவரே நல்ல நடுவர்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. நடுவர்களிடையே வழங்கும் பாடங்களில் தலையாயது, கேள்விக்கு விடை சொல்ல வேண்டும், வெறும் கூற்றுக்கு விடை தேவையில்லை என்பது. ‘இது அநியாயம்’ என்பது கூற்று. அதற்குப் பதில் சொன்னால் வாதம் நீளும், சொல்லாவிட்டால் பெரும்பாலும் அது ஆட்டத்தின் இரைச்சலில் கரைந்துபோகும். ‘அவர் தாவிய பிறகுதானே இவர் வந்து நின்றார்?’ என்பது கேள்வி; அதற்கு ‘இல்லை, தாவுமுன் இரண்டு காலும் ஊன்றியிருந்தன’ என்று விதியின் சொற்களையே பயன்படுத்தி ஒரு வரியில் சொல்லும் நடுவர், தாம் கண்டதையும் தாம் பொருத்திய விதியையும் ஒருசேரப் பயிற்சியாளரின் கையில் கொடுத்துவிடுகிறார். பயிற்சியாளர் அதை ஏற்காமல் போகலாம். ஆனால் எதை ஏற்கவில்லை என்பது இப்போது அவருக்குத் தெரியும். இந்த உரையாடல் நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் உடலின் நிலையும் ஒரு மொழியாக இருப்பது புலப்படும். ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்கு ஈடாகத் தடையின்றி எறிய வழங்கப்படும் எறிவு, நடக்கவிருக்கும் சில வினாடிகளில் பக்கக் கோட்டருகே வந்து நிற்கும் அனுபவமுள்ள நடுவர் பயிற்சியாளரின் முகத்துக்கு நேராக நிற்பதில்லை. அவர் தோளுக்குத் தம் தோளை இணையாக வைத்து, இருவரும் ஆடுகளத்தையே பார்க்குமாறு நின்று, கைகளைப் பின்னால் கட்டியோ தொங்கவிட்டோ, உதடு அசைவது தெரியாத தணிந்த குரலில் பேசுகிறார். நேருக்குநேர் நின்றால் மண்டபமே அதைச் சண்டையாகக் காணும். காண்போர் முன்னிலையில் பின்வாங்குவது இருவருக்குமே அரிதாகிவிடும். பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அவர் உள்ளங்கையை இடுப்பு உயரத்தில் மெல்ல உயர்த்துவது உண்டு. அதைக் கண்ட பிறகும் தொடரும் பயிற்சியாளர் தாம் எதைக் கடக்கிறோம் என்பதை அறிந்தே கடக்கிறார்.

கடந்தவருக்கு என்ன நேரும் என்பதிலும் படிமுறை இருக்கிறது. பள்ளிக் கூட்டமைப்பின் விதிகளில் 2016–17 முதல் எச்சரிக்கை என்பது வாய்ச்சொல்லாக மட்டும் நில்லாமல் ஸ்கோர் புத்தகத்தில் எழுதப்படும் நடைமுறையாக ஆக்கப்பட்டது. அடுத்த படி டெக்னிகல் ஃபவுல்: ஆள்மீது மோதாமல், நடத்தையாலோ நடைமுறை மீறலாலோ நேரும் தவறு; நடுவர் ஓர் உள்ளங்கையின் கீழ் மற்றொரு கையைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டும் குறி அதற்குரியது. அதனால் எதிரணிக்கு எறிவுகளும் பந்தும் கிடைப்பதோடு, பயிற்சியாளர் அந்த 28 அடிக் கட்டத்தில் நிற்கும் உரிமையை இழந்து எஞ்சிய ஆட்டம் முழுவதும் உட்கார்ந்தே இருக்க வேண்டியவராகிறார். இத்தண்டனை புள்ளிக்கணக்கைவிட ஆழமாகப் புண்படுத்துவது. தம் தொழிலுக்குரிய நிற்குமிடமே பறிபோன ஒருவரை அவருடைய மாணவர்கள் பார்க்கிறார்கள். ஆதலால்தான் இதைக் கோபத்தின் கருவியாகக் கையாளும் நடுவர் தம் கையிலுள்ள அதிகாரத்தைக் குறைத்துக்கொள்கிறார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மறுபுறம், இதைப் பயன்படுத்தத் தயங்கும் இளம் நடுவர்கள் படும் பாடும் சிறிதன்று. 2018–19 பருவத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலுமாகச் சேர்த்துச் சுமார் 50,000 பேர் பள்ளி நடுவர் பணியிலிருந்து விலகிவிட்டதாக அக்கூட்டமைப்பு அறிவித்தது. பெருந்தொற்றும் ஒரு காரணம் என்றாலும், பெரியவர்களின் வசைச்சொல் தாங்காமல் போனவர்கள் அவர்களுள் பலர். சனிக்கிழமைக் காலையில் சிறுவர் ஆட்டம் ஒன்றுக்கு விசில் ஊத வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம், தம் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளையிடம், இல்லாத விதியைச் சொல்லி இரைபவர் ஆட்டத்துக்கு இழைக்கும் தீங்கு எந்த ஸ்கோர் புத்தகத்திலும் பதிவாவதில்லை.

விதியைப் பற்றிய வழக்கை வெறும் நடத்தைப் பிரச்சினையாக மட்டும் கருதாமல் அதற்கென ஒரு வாயிலை விதிநூலே திறந்துவைத்திருப்பது இந்த ஆட்டத்தின் சிறப்புகளுள் ஒன்று. அமெரிக்கப் பள்ளி விதிகளின்படி, உரிய ஃப்ரீ த்ரோவை வழங்காமை, உரிமையற்றதை வழங்கியமை, எறிய வேண்டியவரல்லாத ஒருவரை எறியவிட்டமை, தவறான கூடையில் எறியவிட்டமை, புள்ளியைத் தவறாகச் சேர்த்தமை அல்லது நீக்கியமை என்னும் ஐந்து பிழைகள் திருத்தத்தக்கவை. இவற்றில் ஒன்று நேர்ந்துவிட்டது என்று கருதும் பயிற்சியாளர் பதிவு மேசையருகே கலந்தாய்வு கேட்கலாம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அவர் சொல்வதைக் கேட்டு ஆராய வேண்டும். பயிற்சியாளர் சொன்னது சரியென்றால் பிழை திருத்தப்படும், அவருக்கு எந்தச் செலவும் இல்லை. தவறென்றால் அவர் அணிக்குரிய ஐந்து டைம் அவுட்களில் ஒன்று கழிந்துவிடும். வழக்கைத் தொடுப்பவர் தம் நம்பிக்கைக்கு ஒரு பணயம் வைக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு கூச்சலைக் கேள்வியாக மாற்றிவிடுகிறது. கேள்விக்குக் காலக்கெடுவும் உண்டு: பிழைக்குப் பின் கடிகாரம் முறையாக ஓடத் தொடங்கி, அதன்பின் பந்து முதன்முறை ஆட்டத்தில் இல்லாத நிலையில் இருக்கும் வரையில்தான் பொதுவாகத் திருத்தம் செல்லும், அதற்கப்பால் பிழை பிழையாகவே ஆட்டத்தின் பகுதியாகிவிடும். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. 2019–20 பருவத்தில் கொண்டுவந்த பயிற்சியாளர் முறையீடும், விதியை விட்டு நிகழ்ச்சிகளைப் பற்றியதாக இருந்தபோதிலும், டைம் அவுட்டையே பணயமாகக் கொண்டது.

தமிழ் இலக்கண மரபை அறிந்தவர்களுக்கு இந்நூல்களின் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. பள்ளிக் கூட்டமைப்பு விதிநூலை மட்டும் வெளியிடாமல், ‘இன்ன சூழலில் இன்னது நேர்ந்தால் தீர்ப்பு யாது’ என்று எடுத்துக்காட்டுகளால் விளக்கும் நிகழ்வுநூல் ஒன்றையும் உடன் வெளியிடுகிறது. நூற்பாவுக்கு உரை எப்படியோ அப்படி இது. நூற்பாவை மட்டும் மனப்பாடம் செய்தவர் சொற்பொருளோடு நின்றுவிட, உரை பயின்றவர் அந்த நூற்பா எதைத் தடுக்கப் பிறந்தது என்பதையும் அறிவார். தொல்காப்பியமும் நன்னூலும் இயல்களின் இறுதியில் வைக்கும் புறனடைக்கு, அதாவது சொல்லாதவற்றைச் சொன்னவற்றின் வழியே கொள்க என்று இடம்விடும் நூற்பாவுக்கு, இணையான ஒன்றும் இங்கு உண்டு: விதிகளில் தனித்துக் கூறப்படாத எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் தலைமை நடுவருக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. தமக்கு விதி நினைவில்லாத இடங்களை நிரப்பிக்கொள்ளச் சிலர் இதைத் துணைக்கழைப்பது பெருங்குறை. புறனடை நூலை முழுதறிந்தவனுக்கே உதவும். நூலறியாதவன் கையில் அது தன்விருப்பம் என்பதன் மறுபெயராகிவிடும்.

பேச்சுக்கான வாயில் திறந்திருந்தும் பேச்சே வாயிலை அடைத்துவிட்ட நிகழ்ச்சி ஒன்று 2019 டிசம்பர் 3 அன்று சான் அன்டோனியோவில் நேர்ந்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஜேம்ஸ் ஹார்டன் நான்காம் காற்பகுதியில் 7 நிமிடம் 50 வினாடி எஞ்சியிருந்தபோது பந்தைக் கூடைக்குள் ஓங்கித் திணித்தார். பந்து வளையத்தினுள் முழுவதுமாக இறங்கியும், வலையின் சுழற்சியால் மேலே வீசப்பட்டு வளையத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தது. நடுவர்கள் அதைக் கூடையாகக் கணக்கிடவில்லை. பயிற்சியாளர் மைக் டி’அன்டோனி தரப்பினர் என்ன தீர்ப்பு, ஏன் என்று கேட்டுக்கொண்டும் மறுத்துக்கொண்டும் இருந்தார்கள். முறையீட்டைக் கோருவதற்குரிய 30 வினாடி அந்த விளக்கம் கேட்கும் நேரத்திலேயே கடந்துவிட்டதால் இனி முறையீட்டுக்கு இடமில்லை என்று பின்னர் தலைமை நடுவர் தெரிவித்தார். இரண்டு கூடுதல் ஆட்டநேரங்களுக்குப் பிறகு ராக்கெட்ஸ் அணி 133–135 என்று தோற்றது. அணி தொடுத்த எதிர்ப்பு மனுவின்மீது தீர்ப்பளித்த லீக், தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டும், அதிலிருந்து மீள அணிக்குப் போதிய ஆட்டநேரம் இருந்தது என்று கூறி மனுவைத் தள்ளியது. காலக்கெடு விதிப்படி சரியானதே. ஆயினும், எதிரே நிற்பவர் உண்மையில் ஒரு கேள்வி கேட்கிறார் என்பதையும், அந்தக் கேள்விக்கு உரிய படிவம் முறையீடு என்பதையும் ஒரு வரியில் எடுத்துச்சொல்வது நடுவரின் கடமைக்குப் புறம்பானதா என்ற ஐயம் அத்தீர்ப்பால் தீரவில்லை. வழக்காடுபவருக்கு வாயில் எது என்று காட்டுவது அவருக்குச் சார்பாகப் பேசுவதாகாது.

எதிர்ப்பு மனு ஏற்கப்பட்ட அரிய வழக்கு 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டாவில் நடந்த ஆட்டத்தைப் பற்றியது. மயாமி ஹீட் அணியின் ஷகீல் ஓ’நீல் கூடுதல் ஆட்டத்தில் 51.9 வினாடி எஞ்சியிருந்தபோது ஆறாவது ஃபவுலுக்காக வெளியேற்றப்பட்டார். உண்மையில் அது அவருடைய ஐந்தாவது. முன்னர் சக ஆட்டக்காரர் ஒருவருடைய ஃபவுல் பதிவு மேசையில் அவர் பெயரில் ஏறிவிட்டிருந்தது. இது கண்ணின் தீர்ப்பைப் பற்றிய வழக்கன்று என்பதால் லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் மனுவை ஏற்று, உள்ளூர் அணியான அட்லாண்டா ஹாக்ஸுக்கு 50,000 டாலர் அபராதம் விதித்து, அந்த 51.9 வினாடியை மீண்டும் ஆட ஆணையிட்டார். என்.பி.ஏ. எதிர்ப்பு மனு ஒன்றை ஏற்றது 1982ஆம் ஆண்டின் ஆட்டம் ஒன்றுக்குப் பின் அதுவே முதன்முறை. 2008 மார்ச் 8 அன்று இரு அணிகளும் 114–111 என்ற பழைய கணக்கிலிருந்து தொடங்கின. அதற்குள் ஓ’நீல் ஃபீனிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டுவிட்டிருந்தார். 51.9 வினாடியில் எவரும் புள்ளி எடுக்கவில்லை.

விதியின் பெயரால் எழுந்த வழக்கை விதிக்கு வெளியே நின்ற ஒருவர் தீர்த்துவைத்தால் நடுவர் என்னாவார் என்ற கேள்வியை 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டம் எழுப்பியது. 3 வினாடி எஞ்சியிருக்கையில் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் கூடையிலிட்டு அமெரிக்காவை 50–49 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்தார். தாம் கேட்ட டைம் அவுட் வழங்கப்படவில்லை என்பது சோவியத் பயிற்சியாளர் விளாதிமிர் கொண்ட்ராஷினின் வழக்கு. அவருடைய தரப்பினர் மேசையை நோக்கி ஓடிவர, ஒரு வினாடி எஞ்சிய நிலையில் ஆட்டம் நின்றது. ஃபீபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து மூன்று வினாடியைக் கடிகாரத்தில் மீட்டு வைக்கச் சொன்னார். ஆட்டத்தின் நடுவே அவ்வாறு தலையிட விதி அவருக்கு அதிகாரம் எதையும் தந்திருக்கவில்லை. கடிகாரம் சரியாகத் திருத்தப்படுமுன் ஆடப்பட்ட ஒரு முயற்சியும் ரத்தாகி, மீண்டும் ஒருமுறை மூன்று வினாடி ஆடப்பட்டபோது இவான் எதெஷ்கோ களத்தின் ஒரு முனையிலிருந்து வீசிய பந்தை அலெக்சாண்டர் பெலோவ் மறுமுனையில் பற்றிக் கூடையிலிட்டார்: 51–50. டைம் அவுட் வழக்கில் கொண்ட்ராஷின் பக்கம் நியாயம் இருந்திருக்கவே கூடும். அதை ஆராய்ந்து தீர்க்க வேண்டியவர்கள் களத்தில் இருந்த இரண்டு நடுவர்கள், அந்த ஆராய்ச்சிக்கு அவர்களுக்கு இடமே தரப்படவில்லை.

ஃபீபாவின் இன்றைய விதிகளில், எதிர்ப்புத் தெரிவிக்கும் அணியின் தலைவர் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் தலைமை நடுவருக்குத் தெரிவித்து ஸ்கோர் தாளில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் கையெழுத்திட வேண்டும். தலைமை நடுவர் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதோடு நடுவர்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு முடிவுறும். மியூனிக்கில் அமெரிக்காவின் எதிர்ப்பு மனுவை ஐவர் கொண்ட குழு மூன்றுக்கு இரண்டு என்று தள்ளியது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கங்களைப் பெற்றுக்கொள்ளவே இல்லை. அன்றைய ஆட்டத்தின் தலைமை நடுவர், பிரேசிலைச் சேர்ந்த ரெனாட்டோ ரிகெட்டோ, ஸ்கோர் தாளில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.